ஷெல்லி எழுதாத ஷெல்லி கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் கவிஞர்களான பைரன், ஷெல்லி, கீட்ஸ் கடிதங்களைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "இதுல போலியும் உண்டாமே?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்தே படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

போலிக் கடிதம்னா என்ன? ஷெல்லி எழுதின மாதிரி வேற யாரோ எழுதினதா?

ஆமாம். கவிஞர் இறந்து பல வருடம் கழித்து, அவருடைய கையெழுத்தைப் பழகி, பழைய தாள் தேடி, பழைய தேதியும் ஊர்ப்பெயரும் போட்டு, அவர் கையொப்பத்தையும் இட்டுக் காசுக்கு விற்பது. கீட்ஸ் 1821-இல் ரோமில் இறந்தார். ஷெல்லி 1822-இல் இத்தாலியக் கடலில் மூழ்கிப் போனார். பைரன் 1824-இல் கிரீஸில், மிசலோங்கியில், காய்ச்சலில் இறந்தார். மூவரும் இளம் வயதில், ஊரை விட்டுத் தொலைவில் செத்தவர்கள். அவர்கள் கைப்பட எழுதிய ஒரு தாளாவது கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் நிறையப் பேர். அந்த ஏக்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடந்தது.

இதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒருவர் 1840-களில் லண்டனில் வேலை காட்டிய 'மேஜர் பைரன்'. இன்னொருவர் 1880-களிலும் 90-களின் தொடக்கத்திலும் எடின்பரோவில் இருந்த 'ஆன்டிக்' ஸ்மித்.

மேஜர் பைரன்னு ஒருத்தர் சொல்றாங்களே, அவர் நிஜமாவே பைரனோட பிள்ளையா?

அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். ஜார்ஜ் கார்டன் டி லூனா பைரன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் தாய் ஸ்பெயின் நாட்டுப் பிரபு குலத்துப் பெண் என்றும், பைரன் அங்கே பயணம் போனபோது பிறந்த உறவு அது என்றும் கதை சொன்னார். பைரன் 1809-இல் ஸ்பெயின் வழியாகப் போனது உண்மை. செவில், காதிஸ் ஊர்களில் தங்கியதும் உண்மை. ஆனால் தங்கியது சில நாட்கள்தான். அந்த உறவுக்கோ பிள்ளைக்கோ இந்த ஆளின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் கிடையாது. மேஜர் பட்டமும் அதே ரகம்தான்.

இந்தக் கதை வெறும் பெருமைக்குச் சொன்னது அல்ல. அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பைரனை அறிந்தவர்களிடமெல்லாம் அசல் கடிதங்களைக் கேட்டு வாங்க அது உதவியது. பெற்ற பிள்ளை கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் மறுக்கச் சிலருக்கு மனம் வரவில்லை.

எதுக்கு கடிதம்? கவிதையையே போலியா எழுதியிருக்கலாமே?

பைரன் மாதிரி கவிதை எழுத பைரன் அளவுக்குக் கைவேண்டும். ஒரு வரி சறுக்கினாலும் வாசகருக்குத் தெரிந்துவிடும். கடிதம் அப்படியல்ல. பணம் அனுப்பு, புத்தகம் வந்து சேர்ந்தது, காய்ச்சல் பரவாயில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். சாதாரணமாக இருக்க இருக்க நம்பகமாகவும் இருக்கும். நடுவில் ஒரு பத்தி அழகாக அமைந்துவிட்டால் போதும், வாங்குபவர் மகிழ்ந்துபோவார். அந்த அழகான பத்தியை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் போலி எழுதுபவரின் பிரச்சினை. மேஜர் பைரன் மாட்டியதும் அங்கேதான்.

அந்த ஆள் எப்படி வேலை செய்தார்? ஒரு கடிதத்தை அப்படியே பார்த்து எழுதுவாரா?

பல வழிகள். கையில் கிடைத்த அசல் கடிதத்தை அச்சு அசலாகப் பார்த்து எழுதுவது ஒன்று. அசலில் இல்லாத வரிகளைச் சேர்ப்பது இன்னொன்று. அச்சில் வந்த கடிதங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டவைத்து, முகவரியையும் தேதியையும் மாற்றிப் புதுக் கடிதம் செய்வது மூன்றாவது. தாமஸ் மூர் 1830-இல் வெளியிடத் தொடங்கிய பைரன் வாழ்க்கை வரலாற்றில் ஏராளமான கடிதங்கள் அச்சாகியிருந்தன. மேரி ஷெல்லியும் கணவரின் கடிதங்கள் சிலவற்றைப் பதிப்பித்திருந்தார். பைரன் எப்படிப் பேசுவார், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பதற்கு அவையே பாடப்புத்தகம்.

எனக்கு இதில் மிகக் கொடுமையாகப் படுவது, அவர் அசலையும் போலியையும் கலந்து விற்றதுதான். கட்டில் ஒன்றிரண்டு உண்மைக் கடிதங்கள் இருந்தால், சோதிப்பவர் அவற்றைப் பார்த்து முழுக் கட்டையும் நம்பிவிடுவார். இதனால் நஷ்டப்பட்டது வாங்கியவர்கள் மட்டுமல்ல. போலி வெளிப்பட்டதும் அதோடு கிடந்த உண்மைக் கடிதங்களின் மேலும் சந்தேகம் படிந்தது.

1852-ல ஷெல்லி கடிதப் புத்தகம் ஒண்ணு வந்து உடனே வாபஸ் ஆச்சாமே, அந்தக் கதை என்ன?

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகமான கதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லண்டனில் பால்மால் தெருவில் வில்லியம் வைட் என்ற புத்தக வியாபாரி இருந்தார். 1848 வாக்கில் ஒரு பெண் அவர் கடைக்கு வந்து பைரன் கடிதங்களை விற்றார். பிறகும் வந்தார். பைரன் கடிதங்களோடு ஷெல்லி கடிதங்களும் வந்தன. அந்தப் பெண் மேஜர் பைரனின் மனைவி என்பது வைட்டுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பைரன் கடிதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பைரனின் பதிப்பாளரான ஜான் மரே நிறுவனமே விலைக்கு வாங்கியது. பைரனின் கையெழுத்தை உலகத்திலேயே அதிகம் பார்த்திருந்த வீடு அதுதான்.

ஷெல்லி கடிதங்கள் 1851-இல் சதபீஸ் ஏலத்துக்குப் போயின. கவிஞர்களின் பதிப்பாளர் என்று பெயரெடுத்த எட்வர்ட் மாக்ஸன் அவற்றை வாங்கினார். 25 கடிதங்களைப் புத்தகமாக்கி, ராபர்ட் பிரௌனிங்கிடம் முன்னுரை வாங்கி, 1852 தொடக்கத்தில் வெளியிட்டார். கவிஞர் டென்னிசனுக்கும் ஒரு பிரதி போனது. அவர் வீட்டுக்கு வந்த பிரான்சிஸ் டர்னர் பால்கிரேவ் என்ற இளைஞர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிளாரன்ஸ் நகரத்தைப் பற்றிய ஒரு பத்தி, எங்கேயோ படித்தது போலிருந்தது. படித்த இடமும் நினைவுக்கு வந்தது: அவருடைய அப்பா சர் பிரான்சிஸ் பால்கிரேவ் 1840-இல் குவார்ட்டர்லி ரெவ்யூ பத்திரிகையில் எழுதிய கட்டுரை. 1822-இல் இறந்த ஷெல்லி, 1840-இல் அச்சான கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்க முடியாது.

அப்பாவுக்கு விஷயம் போயிற்று, மாக்ஸனுக்குத் தகவல் போயிற்று, மார்ச் மாதம் அதீனியம் வார இதழ் பகிரங்கமாக எழுதியது. மாக்ஸன் சாக்கு எதுவும் சொல்லாமல் புத்தகத்தை உடனே திரும்பப் பெற்றார். வெளியே தப்பிய பிரதிகள் கொஞ்சம்தான்.

கவனியுங்கள்: கையெழுத்து பல கண்களைத் தாண்டி வந்துவிட்டது. ஏலக்கூடம், பதிப்பாளர், கவிஞர்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிடித்துக் கொடுத்தது, வேறொரு கட்டுரையை ஊன்றிப் படித்து நினைவில் வைத்திருந்த ஒரு வாசகர்.

பிரௌனிங் அவ்வளவு பெரிய கவிஞர், அவர் எப்படி ஏமாந்தார்?

அவரைக் கையெழுத்துச் சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. முன்னுரை எழுதித் தரச் சொன்னார்கள். அவர் இளம் வயதிலிருந்தே ஷெல்லியைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். பாரிஸிலிருந்து 1851 டிசம்பர் 4 தேதியிட்டு அதை எழுதிக் கொடுத்தார். கட்டுரையில் அந்தக் கடிதங்களைப் பற்றிய பேச்சே மிகக் குறைவு. வெளியுலகத்தைப் பார்த்து எழுதும் கவிஞர், தன் உள்ளத்தைப் பார்த்து எழுதும் கவிஞர் என்று இரு வகை பிரித்து, ஷெல்லி எந்த இடத்தில் நிற்கிறார் என்று ஆராய்வதுதான் அதன் வேலை.

அதனால் கடிதங்கள் போன பிறகும் முன்னுரை நின்றது. 'ஷெல்லி பற்றிய கட்டுரை' என்று தனியாகவே இன்றும் படிக்கிறார்கள், வகுப்பில் பாடமாக வைக்கிறார்கள். பிரௌனிங் உரைநடையில் எழுதியது கொஞ்சம்தான். அதில் இது மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஷெல்லிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்ட பாரதியை நேசிப்பவர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

புத்தகக் கடைக்காரர் வைட்டுக்கும் இதில் பங்கு உண்டா?

தான் குற்றமற்றவன், நம்பி வாங்கி நம்பி விற்றேன் என்று அவர் அதே 1852-இல் ஒரு துண்டு வெளியீடே போட்டார். கடைக்கு வந்த பெண்ணைப் பற்றிய விவரமெல்லாம் அதில்தான் வெளிவந்தது. அவரே போலி எழுதினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர் தாமதமாகக் கேட்டார் என்பது என் முடிவு. பைரன் கடிதங்களும் ஷெல்லி கடிதங்களும் ஒரே கையிலிருந்து தவணை தவணையாக வருகின்றன. வெவ்வேறு ஊரில் இருந்த வெவ்வேறு ஆட்களுக்கு எழுதிய கடிதங்கள் எப்படி ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன? இந்த ஒரு கேள்வியை முதல் நாளே விடாமல் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மேரி ஷெல்லி உயிரோடதானே இருந்தாங்க? புருஷன் கையெழுத்து அவங்களுக்குத் தெரியாதா?

மாக்ஸன் புத்தகம் வந்தபோது மேரி இல்லை. 1851 பிப்ரவரி 1 அன்று காலமாகிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே மேஜர் பைரனால் அவர் அவதிப்பட்டிருக்கிறார். 1845-இல் அந்த ஆள் மேரியோடு தொடர்புகொண்டு, உங்கள் கடிதங்களும் ஷெல்லியின் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன என்றார். பேரம் ஆரம்பித்தது. மேரி நேரடியாக இறங்காமல், பழைய நண்பரான தாமஸ் ஹூக்கம் மூலம் சிலவற்றைக் காசு கொடுத்து மீட்டார்.

மேரி ஏன் காசு கொடுத்தார் என்று சிலர் கேட்பார்கள். அவருக்குப் பயம் இருந்தது. ஷெல்லி முதல் மனைவி ஹாரியட்டை விட்டுவிட்டு, பதினாறு வயது மேரியோடு 1814-இல் பிரான்சுக்குப் போனவர். அந்தக் காலத்துக் கடிதங்கள் அந்நியர் கையில் திரிவதை எந்தப் பெண் விரும்புவார்? அதிலும் சில உண்மையானவையாகவே இருந்தன. மேலே சொன்ன கலப்பு வித்தை இங்கேயும் நடந்தது. கணவரை இழந்து, எழுதிப் பிழைத்து, ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கிய பெண்ணிடம் அவருடைய இளமைக் காலத்தையே விலை பேசியதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அவருக்குத் தண்டனை கிடைச்சுதா?

இந்தக் கடிதங்களுக்காக அவர் சிறைக்குப் போகவில்லை. 1849-இல் நியூயார்க்கில் 'பைரனின் வெளிவராத படைப்புகள்' என்று பகுதி பகுதியாக வெளியிட ஆரம்பித்தார். அது சீக்கிரமே நின்றுபோனது. அமெரிக்காவிலும் பைரன் மகன் என்ற வேஷத்தைக் கலைக்கவில்லை.

பேப்பரையும் மையையும் பார்த்தாலே தெரிஞ்சிடாதா?

சில சமயம் தெரியும். பல சமயம் தெரியாது. இங்கிலாந்தில் 1794 முதல் காகித ஆலைகள் வாட்டர்மார்க்கில் வருடத்தையும் போட ஆரம்பித்தன. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே எழுத்தும் எண்ணும் தெரியும். 1818 தேதியிட்ட கடிதத்தின் தாளுக்குள் 1821 என்று இருந்தால் அத்தோடு தீர்ந்தது. ஆனால் விவரமான ஆள் அந்தத் தவறைச் செய்வதில்லை. பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் எழுதாத வெற்றுத் தாள் இருக்குமல்லவா, அதைக் கிழித்துக்கொள்வார். காகிதம் அசல், காலமும் சரி.

மை விஷயத்தில் ஒரு நுணுக்கம். அந்தக் காலக் காகிதத்தில் மை பரவாமலிருக்க ஒரு பசை பூசுவார்கள். பல வருடம் போனால் அந்தப் பசை வலுவிழந்துவிடும். அதற்குமேல் புதிதாக எழுதினால் மை நூல் நூலாகக் கசியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், உண்மைக் கடிதத்தில் கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். இதில் பிசிறு தட்டும். அடுத்தது கையின் வேகம். சொந்தக் கையெழுத்தை எழுதுபவர் யோசிக்காமல் ஓடுவார். பார்த்து எழுதுபவர் எழுத்தின் நடுவில் பேனாவைத் தூக்குவார், மறுபடி வைப்பார். அந்த இடத்தில் மை தேங்கியிருக்கும்.

இவையெல்லாம் பயனுள்ளவை. ஆனாலும் என் அனுபவத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தக் கடிதம் இத்தனை காலம் யார் வீட்டில் இருந்தது?

நான் பார்த்த கீட்ஸ் கடிதத்துல ஸ்டாம்பும் இல்ல, கவரும் இல்ல. அப்ப போலிதானே?

இல்லை, அதுதான் சரி. ஒட்டுகிற தபால்தலை 1840 மே மாதம்தான் பிரிட்டனில் வந்தது. அதற்கு முன் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் கூடிவிடும். அதனால் எழுதிய தாளையே மடித்து, ஒரு பக்கம் வெளியே வரும்படி வைத்து, அதில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள். கீட்ஸ் இடம் போதாமல் எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காகத் திருப்பி எழுதிய கடிதங்கள்கூட இருக்கின்றன.

கீட்ஸ் பேரில் தபால்தலை ஒட்டிய கடிதம் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தபால் முத்திரையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மேஜர் பைரன் அதையும் போலியாகச் செய்தவர்.

ஸ்காட்லாந்து ஸ்மித் யார்? அவரும் ஷெல்லியைத்தான் போலி செய்தாரா?

அவருடைய சரக்கு வேறு. அலெக்ஸாண்டர் ஹௌலண்ட் ஸ்மித், எடின்பரோவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய பத்திரங்களோடு புழங்கிய கை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், ஸ்காட்லாந்து அரசி மேரி என்று யார் கையெழுத்து விலை போகுமோ அவர்கள் எல்லாருடைய கையெழுத்திலும் எழுதினார். பழைய புத்தகக் கடைகளில், உள்ளே என்ன புத்தகம் என்றுகூடப் பார்க்காமல், வெற்றுத் தாள் உள்ள பெரிய பெரிய புத்தகங்களாக வாங்குவார். எவ்வளவு கனமானாலும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லாமல் தானே சுமந்துகொண்டு போவார். கடைக்காரர்கள் பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்ன விஷயம் இது.

மாட்டியது எப்படி என்றால், அவருடைய சரக்கை வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், பர்ன்ஸ் எழுதிய வெளிவராத கவிதை என்று ஒன்றைப் பத்திரிகையில் போட்டார். அது பர்ன்ஸ் ஏழு வயதுப் பையனாக இருந்தபோதே, 1766-இல், வேறொருவர் எழுதி அச்சான கவிதை என்று தெரிந்தது. மறுபடியும் பாருங்கள், பால்கிரேவ் கதைதான். பிறகு எடின்பரோ ஈவ்னிங் டிஸ்பாட்ச் நாளிதழ் 1892-இல் துருவ ஆரம்பித்து, போலிகளின் நகல் படங்களையே அச்சிட்டது. அந்தக் கையை அடையாளம் கண்டவர்கள் குமாஸ்தாவைக் காட்டிக்கொடுத்தார்கள். 1893-இல் விசாரணை, ஒரு வருட சிறை. வழக்கு போலி எழுதியதற்காக அல்ல, போலியை அசல் என்று சொல்லி விற்றதற்காக.

அவருடைய தாள்களைச் சோதித்தவர்கள் கண்ட ஒன்று எனக்கு மறக்க முடியாதது. பழைய தாளில் புழு அரித்த ஓட்டைகள் இருக்கும். உண்மைக் கடிதத்தை எழுதியபின் புழு அரித்திருந்தால் ஓட்டை எழுத்தின் குறுக்கே போயிருக்கும். ஸ்மித்தின் தாள்களில் எழுத்து ஓட்டையைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது! நியூயார்க் செல்வந்தர் ஒருவர் வாங்கி அங்கிருந்த லெனாக்ஸ் நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த இருநூற்றுச் சொச்சத் தாள்களில், ஒன்றே ஒன்றுதான் அசல் என்று பிரிட்டிஷ் மியூசியம் முடிவு சொன்னது.

சாட்டர்டன், ஓசியன் எல்லாம் இதே லிஸ்ட்தானே?

பக்கத்து வீடு என்று சொல்லலாம். தாமஸ் சாட்டர்டன் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதியதாகத் தன் கவிதைகளைக் காட்டிய சிறுவன். 1770-இல் பதினெட்டு வயது நிறையுமுன் செத்துப்போனான். ஜேம்ஸ் மெக்பெர்சன் என்பவர், ஓசியன் என்ற பழங்காலக் கவிஞரின் பெயரில் கவிதைகளை 1760-களில் வெளியிட்டார். இவர்கள் பைரன், ஷெல்லி, கீட்ஸ் போன்ற ரொமாண்டிக் கவிஞர்களுக்கு முன்னோடிகள். கீட்ஸ் தன் 'எண்டிமியன்' காவியத்தைச் சாட்டர்டன் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

சாட்டர்டன் எழுதியது அவன் சொந்தக் கவிதை, பெயர்தான் பொய். மேஜர் பைரனும் ஸ்மித்தும் விற்றதில் சொந்தமாக ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கீட்ஸ், ஃபேனி பிரானுக்கு எழுதின காதல் கடிதங்களும் கட்டுக்கதைன்னு கேள்விப்பட்டேன்.

அது தவறான செய்தி. அவை முழுக்க உண்மையானவை. ஃபேனி அவற்றைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். 1865-இல் அவர் இறந்தபின் பிள்ளைகள் கைக்குப் போயின. 1878-இல் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன் அவற்றைப் பதிப்பித்தார். 1885 மார்ச்சில் சதபீஸில் ஏலம் போயின. ஏலத்துக்குப் போயிருந்த ஆஸ்கார் ஒயில்டு மனம் நொந்து ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் யார் கையில் இருந்தது என்று சொல்ல முடிகிறது பாருங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விக்கு இதுதான் நல்ல பதில். ஃபேனி பதிலுக்கு எழுதிய கடிதங்கள் இன்று இல்லை. கடைசியாக வந்தவற்றைக் கீட்ஸ் பிரிக்கத் துணியாமல் வைத்திருந்தார். அவை அவரோடு ரோமில் புதைக்கப்பட்டன. 'ஃபேனியின் பதில் கடிதம்' என்று யாராவது கொண்டுவந்தால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

இந்த வதந்தி எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது. பதிப்பித்த ஃபோர்மனே பிற்பாடு வேறொரு மோசடியில் சம்பந்தப்பட்டவர் என்று நிரூபணமானது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தாமஸ் வைஸ்னு ஒரு பெரிய சேகரிப்பாளர் போலி செய்தாராமே, அவரும் கடிதமா?

இல்லை, அவர் செய்தது அச்சடித்த சிறு வெளியீடுகள். புகழ்பெற்ற கவிதையை எடுத்து, முதல் பதிப்பு வந்த வருடத்துக்கு முந்தைய ஒரு வருடத்தைப் போட்டு அச்சடித்து, 'இதுவே முதல் பதிப்பு' என்று விற்பது. எலிசபெத் பாரட் பிரௌனிங்கின் காதல் சானெட்டுகள் 1847-இல் ரெடிங் நகரில் அச்சானதாக ஒன்று மிகப் பிரசித்தம். ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் 1934-இல் இதை அம்பலப்படுத்தினார்கள். காகிதத்தைச் சோதித்தபோது எஸ்பார்ட்டோ புல்லும் ரசாயன முறையில் செய்த மரக்கூழும் இருந்தன. எஸ்பார்ட்டோ இங்கிலாந்துக் காகிதத்தில் 1861-இலும், ரசாயன மரக்கூழ் 1874-இலும்தான் புழக்கத்துக்கு வந்தன. 1847-ஆவது, மண்ணாவது!

வைஸின் கூட்டாளிதான் ஃபோர்மன். 1945-இல் வெளியான அவர்களுடைய சொந்தக் கடிதப் போக்குவரத்தே அதை உறுதிசெய்தது. ஷெல்லி, கீட்ஸ் பதிப்புகளுக்கு உழைத்த மனிதர் இப்படியும் செய்தார் என்பது வருத்தமான விஷயம். ஆனால் அவர் பதிப்பித்த கீட்ஸ் கடிதங்களை அது தொடவில்லை. அவற்றுக்குத் தனி ஆதாரம் இருக்கிறது.

ஒரே ஷெல்லி கடிதத்துக்கு ரெண்டு மூணு பிரதி இருக்காம். எல்லாமே அவர் கையெழுத்தாம். எது நிஜம்?

நீங்கள் கேட்பது 1816 டிசம்பர் 16 தேதியிட்ட கடிதமாக இருக்க வேண்டும். அந்த மாதம் 10-ஆம் தேதி ஹாரியட்டின் உடல் லண்டன் ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரியில் கிடைத்தது. செய்தி கேட்டு லண்டன் வந்த ஷெல்லி, பாத் நகரத்திலிருந்த மேரிக்கு எழுதியது அது. ஹாரியட்டின் குடும்பத்தையும், குறிப்பாக அக்காவையும் கடுமையாகப் பழிக்கிறது. ஷெல்லியின் குணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்தைக் கடந்துதான் போகவேண்டும். அதனால்தான் இவ்வளவு சண்டை. 1945-இல் வந்த ஒரு புத்தகம் இதை முழுப் போலி என்றது. 1951-இல் வைட், ஜோன்ஸ், கேமரன் என்ற மூன்று அறிஞர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். இங்கே சொல்லும் வைட் அமெரிக்கப் பேராசிரியர். கடைக்காரர் வைட் அல்ல.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. தாள் போலி என்பதும் வாசகம் போலி என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். மேஜர் பைரன் அசலைப் பார்த்தும் எழுதினார் என்று மேலே சொன்னேன். அப்படியானால் தாள் அவருடையது, வார்த்தைகள் ஷெல்லியுடையவை. ஷெல்லியின் மானத்தைக் காப்பதற்காக ஒரு சங்கடமான கடிதத்தைப் போலி என்று தள்ளுவதும், ஆசைக்காக ஒரு போலியை உண்மை என்று அணைப்பதும் ஒரே தவறுதான். ஜோன்ஸ் 1964-இல் பதிப்பித்த ஷெல்லி கடிதத் தொகுப்பில் இந்தக் கடிதம் இருக்கிறது. நானும் அதன் வாசகத்தை ஷெல்லியுடையதாகவே படிக்கிறேன். படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்க தாத்தா சேகரிப்புல பைரன் கையெழுத்துக் கடிதம் ஒண்ணு இருக்கு, பழைய புத்தகத்துக்குள்ள இருந்தது. விலை போகுமா?

முதலில் அது கலினானி பத்திரிகைக்கு 1819 ஏப்ரல் 27 தேதியிட்டு எழுதியதா என்று பாருங்கள். 'வேம்பயர்' என்ற கதையைப் பைரன் எழுதியதாகப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. உண்மையில் எழுதியவர் அவருடைய மருத்துவர் பொலிடோரி. தான் எழுதவில்லை என்று பைரன் அனுப்பிய மறுப்புக் கடிதம் அது. பாரிஸில் கலினானி வெளியிட்ட பைரன் தொகுப்புகளில் இதன் நகலை அச்சுக்கல்லில் எடுத்துச் சேர்த்துக் கட்டினார்கள். புத்தகம் கிழிந்தபின் தாள் மட்டும் தனியாகத் திரிந்து, அசல் என்று பலரை ஏமாற்றியிருக்கிறது. யாரும் மோசடி செய்யவில்லை, காலம்தான் அப்படிச் செய்தது. லென்ஸில் பாருங்கள். இறகுப் பேனா அழுத்திய இடத்தில் மை கனமாகவும், இழுத்த இடத்தில் மெலிந்தும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அடர்த்தியில் தட்டையாக இருந்தால் அச்சு.

அது இல்லையென்றால், தேய்க்காமல், லேமினேட் செய்யாமல், ஒரு நல்ல நூலகத்தின் சுவடிப் பிரிவில் காட்டுங்கள். எந்தப் புத்தகத்துக்குள் இருந்தது, அந்தப் புத்தகம் யாரிடம் வாங்கியது என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

பைரன் நினைவுக்குறிப்பு கிடைச்சதுன்னு அடிக்கடி வருதே?

பைரன் எழுதிய நினைவுக்குறிப்புகளை 1824 மே 17 அன்று லண்டன் ஆல்பமார்ல் தெருவில் மரேயின் வீட்டுக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். 'கிடைத்தது' என்று வருவதை அந்தத் தேதியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டுரையில ஷெல்லி, பைரன் கடிதத்தை மேற்கோள் காட்டணும். எதை நம்பலாம்?

பைரனுக்கு லெஸ்லி மார்ச்சண்ட் 1973 முதல் 1982 வரை வெளியிட்ட பன்னிரண்டு தொகுதிகள். போலி என்று தெரிந்தவற்றையும் அவர் பின்னிணைப்பில் பட்டியலிட்டிருக்கிறார். அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷெல்லிக்கு மேலே சொன்ன ஜோன்ஸ், இரண்டு தொகுதி. கீட்ஸுக்கு ஹைடர் ரோலின்ஸ், 1958, அதுவும் இரண்டு தொகுதி. பைரனின் அசல் கடிதங்கள் ஏராளமாக உள்ள மரே நிறுவன ஆவணங்கள் இப்போது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு கடிதத்தையும் இவற்றோடு ஒப்பிட்டாக வேண்டும். பழைய பதிப்பாசிரியர்கள் நல்லெண்ணத்தோடு சேர்த்த போலிகள் அங்கே இன்னும் கிடக்கின்றன. நெட்டில் பூப்படம் போட்டு 'ஷெல்லி, காதலிக்கு எழுதியது' என்று வருவதற்கு யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் என்ற மூன்று விவரமும் இல்லையென்றால் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். மூன்றும் இருந்தால் தொகுதியை எடுத்து அந்தத் தேதிக்குப் போங்கள். கடிதங்கள் தேதிவாரியாகத்தான் அடுக்கியிருக்கும், தேடுவது சுலபம்.